பெயர் போடாமல் அனுப்பியது

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்ல எத்தனையோ தடவை முயன்றேன். "சாப்பிட்டியா" என்று நீங்கள் கேட்கிறீர்கள், "சாப்பிட்டேன்" என்கிறேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம். சிரிக்காதீர்கள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் "லேப்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இன்றைக்கு ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரே புற்றுநோய்க்கு ஒரே மருந்தைத்தான் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். ஒருவருக்குக் கட்டி கரைகிறது. இன்னொருவருக்கு முடி மட்டும் கொட்டுகிறது. கட்டியின் செல்களில் சில மூலக்கூறுகள் இருந்தால் அந்த மருந்து பிடிக்கும், இல்லாவிட்டால் அநேகமாகப் பிடிக்காது. மருந்தை ஏற்றுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிற அடையாளத்துக்கு மார்க்கர் என்று பெயர். அதைத்தான் நாங்கள் தேடுகிறோம். அம்மாவுக்குக் கொடுத்த மருந்துக்கு இப்போது அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மா இருந்தபோது அது கிடையாது.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். நீங்கள் போய்க் கேட்டால் தருவார்கள். வாங்கி என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். லேப் முகவரிக்கு வேண்டாம்.

எதற்கு என்று கேட்பீர்கள். மூன்றாவது கீமோ முடிந்ததும் அம்மா போதும் என்றாள். ஆறையும் முடித்தே ஆகவேண்டும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு போனில் சொன்னவள் நான். அந்த மருந்து அம்மாவின் உடம்பில் வேலை செய்யக்கூடியதாக இருந்ததா, இல்லை வீணாக அவளை வதைத்தோமா? அது எனக்குத் தெரிய வேண்டும் அப்பா. இரண்டு வருஷமாகிறது, இன்னும் தூக்கம் சரியில்லை.

உங்கள் மகள்


பிப்ரவரி 26

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதே. ரிப்பேர் பில்லைத் தவிர நான் எதையும் எழுதி ரொம்ப காலமாகிறது. அதிலும் "காஸ் நிரப்பியது", "தெர்மோஸ்டாட் மாற்றியது", அவ்வளவுதான் இலக்கியம். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அந்த வகுப்பு அவ்வளவு பிடித்திருந்தது என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். கடைசி வரை அவள் நம்பவில்லை.

முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. தூக்கம் இல்லை என்று மட்டும் எழுதினால் அப்பன் என்ன பண்ணுவான்?

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். மூலக்கூறு வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுந்தேன். கடைசியில் என் பாஷைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பிரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்றால் காஸ் போய்விட்டது, நிரப்பு என்பார்கள். உள்ளே குழாயில் ஓட்டை இருந்தால் எத்தனை தடவை நிரப்பினாலும் அத்தனையும் போய்விடும். வாடிக்கையாளர் பணமும் கூடவே போகும். முதலில் குழாயைப் பார், அப்புறம் நிரப்பு. உன் லேப் செய்வது அதுதானே? தப்பாக இருந்தாலும் சரி என்றே எழுது. இந்த வயதில் மறுபடி பெயிலாக எனக்குத் தெம்பில்லை.

இங்கே சேதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடை ஓடுகிறது. எதிர்க்கடை டெய்லர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான். அதிலிருந்து எல்லாருடைய சட்டையிலும் குறை கண்டுபிடிக்கிறான். நம் வீட்டு பிரிட்ஜ் கடகடவென்று சத்தம் போடுகிறது. பின்னால் இரண்டு ஸ்க்ரூவை முடுக்கினால் சரியாகிவிடும், நான் விட்டு வைத்திருக்கிறேன். அது நின்றுவிட்டால் வீட்டில் சத்தம் என்று சொல்ல வேறெதுவும் இருக்காது.

நீ கேட்டதை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கிறேன். அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் வேறு பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவது உனக்குத் தெரியாது. பரவாயில்லை, போகிறேன்.

நீ போனில் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை. பேனாவில் மை இருக்கிறது, எனக்குத்தான் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா


மார்ச் 14

அன்பு வாலுக்கு,

போனேன், வாங்கினேன், வந்துவிட்டேன். ஒரே வரியில் முடிந்தது. ஆனால் தபால் தலைக்குக் கொடுத்த காசு வீணாகக்கூடாது, அதனால் மீதியையும் கேள்.

பிளாக் எல்லாம் தரைக்குக் கீழே ஒரு அறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. அங்கே இருக்கிற ஏஸியின் சத்தத்தைக் கேட்டதுமே சொல்லிவிட்டேன், பில்டர் கழுவி ஒரு வருஷமிருக்கும் என்று. வெள்ளைக் கோட்டுப் போட்ட டெக்னீஷியன் அம்மா ஒருத்தி இருந்தாள். உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் ஏஸி ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்து, "அப்பாடா, இப்பவாவது வந்தீங்களே" என்றாள்.

"நான் பிளாக் வாங்க வந்தேம்மா."

"யாரோடதுய்யா?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்க வரலையா?"

"அவங்க ஏற்கெனவே இங்கதாம்மா இருக்காங்க. கொஞ்சூண்டு."

வாய் தவறி வந்துவிட்டது. உனக்குத் தெரியுமே, பயந்தால் எனக்கு ஜோக் வரும். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றாள். உள்ளே போய் டிராயர் டிராயராக இழுத்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் விற்கிற கடையில் இருக்குமே, அந்த மாதிரி குட்டி குட்டி டிராயர்கள், கூரை வரைக்கும்.

கொண்டுவந்து கையில் வைத்தாள். தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நகத்தளவு பழுப்பாக ஒரு துண்டு. இவ்வளவுதானா என்று கேட்டேன். "பார்க்க அவ்வளவுதான்யா" என்றாள். அது முழுக்க நோய்தானா என்று கேட்டேன். "நடுவுல அது. ஓரத்துல கொஞ்சம் நல்ல சதையும் சேர்ந்துதான் வரும்" என்றாள். பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னாள். தொலைந்தால் மறுபடி எடுக்க ஆள் இல்லையே.

பஸ்ஸில்தான் ஆரம்பித்தது வேடிக்கை. மெழுகாயிற்றே! சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூட்டில் உருகிவிடுமே என்று கையில் பிடித்துக்கொண்டேன். கை அதைவிடச் சூடு. நடுவிலேயே இறங்கி ஒரு கடையில் ஜில்லென்று ஒரு சோடா வாங்கி, அதன்மேல் பிளாக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "குடிக்க மாட்டீங்களா?" என்றார். "இது அவளுக்கு" என்றேன். அவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் வைத்தேன். முட்டைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். உன் அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன், சூடு ஏறவே ஏறாது. தொழில் தெரிந்தவன் வீட்டில் இருக்கிறாள், கவலைப்படாதே.

நல்ல பெட்டியாகப் பார்த்து இந்த வாரமே அனுப்புகிறேன்.

அப்பா


மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

பிளாக்கை பிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதாரண அறையில் எத்தனை வருஷம் வைத்தாலும் கெடாது. ஆஸ்பத்திரியில் சும்மா டிராயரில்தானே வைத்திருந்தார்கள்? பஞ்சில் சுற்றிச் சின்ன அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் போதும்.

சோடா பாட்டிலைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முட்டைகளை உள்ளே வையுங்கள், கெட்டுப்போகும். பிளாக்கை இந்த வாரம் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய அன்றே ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 18

அன்பு வாலுக்கு,

முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. இன்னும் அனுப்பவில்லை.

காரணங்கள் கைவசம் நிறைய உண்டு. முதலில் போனபோது தபால் ஆபீஸ் மூடியிருந்தது. அடுத்து போனபோது திறந்திருந்தது, பெட்டி சரியில்லை என்று நானே திரும்பிவிட்டேன். அப்புறம் மழை. அப்புறம் முழங்கால். அப்புறம் வரிசை நீளமாக இருந்தது. என் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். பழகிவிட்டது.

நீ எழுதியதும் பிரிட்ஜிலிருந்து எடுத்து ரேடியோ பக்கத்தில் வைத்தேன். காலையில் டீ போடும்போது கண்ணில் படுகிறது. கடையில் நடந்ததைச் சாயங்காலம் வந்து சொல்கிறேன். ஒருநாள் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வந்த டெய்லர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டான்.

"கூலிங் அண்ணே, யார்கூடப் பேசுறீங்க?"

"ரேடியோகூட."

"ரேடியோ ஆஃப்ல இருக்கே."

"ஆஃப்ல இருக்கறப்பதான்டா நாம பேச முடியும்."

தலையை ஆட்டிக்கொண்டே போனான். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

அவளைக் கொன்றதே அதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஓரத்தில் நல்ல சதை இருக்கிறது என்று அந்த டெக்னீஷியன் அம்மா ஏன்தான் சொன்னாளோ! அதிலிருந்து என் கண் ஓரத்துக்குத்தான் போகிறது. நடுவில் இருப்பது அந்தச் சனியன், ஓரத்தில் இருப்பது உன் அம்மா. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கோபப்படாமல் யோசித்துப் பார். உன் மெஷின் என்ன சொல்லப்போகிறது? மருந்து வேலை செய்யும் ரகம் என்று வந்தால், பின்னே ஏன் அம்மா போனாள் என்று கேட்பாய். வேலை செய்யாத ரகம் என்று வந்தால் என்ன கேட்பாய் என்பதை நான் எழுதமாட்டேன். உனக்கே தெரியும். மூன்றாவதாக நல்ல பதில் ஒன்று அதில் இருந்தால் சொல், நாளைக்கே ஓடிப்போய் அனுப்பிவிடுகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை எப்படியும் தபால் ஆபீஸ் போகிறேன்.

அப்பா


மே 4

அப்பாவுக்கு,

நீங்கள் ஆறு தடவையும் அம்மா பக்கத்தில் இருந்தீர்கள். வாந்திக்குப் பாத்திரத்தைப் பிடித்தீர்கள். முடியைக் கூட்டி அள்ளினீர்கள். எனக்கு என்ன கிடைத்தது? "நல்லாத்தான்டி இருக்கேன்" என்று போனில் ஒரு குரல். நான் வந்து சேர்ந்தபோது அம்மா கண்ணைத் திறக்கவில்லை. நான்தான் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னது ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சிக்குப் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. எல்லாம் எண்தான், பெயர் கிடையாது. யாருடையது, பிழைத்தாரா இல்லையா என்பது படிக்கிற ஆளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். சொந்தக்காரர்களுடையதைத் தொடவே கூடாது. லீவு நாளில், ஆள் இல்லாதபோது நானே வெட்டி, சாயம் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றிருந்தேன். தப்புதான். பிடிபட்டால் வேலை போகும், போகட்டும்.

நல்ல பதில் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நல்லதோ கெட்டதோ, எனக்கென்று ஒரு பதில் வேண்டும். அம்மாவை நீங்கள் மட்டுமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அனுப்புங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

மகள்


மே 25

அன்பு வாலுக்கு,

வேறெதுவும் எழுதாதே என்றாய். எழுதாமல் முடியாது, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தோடு ரெண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் பிளாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதே கீழ் அறைக்குப் போனேன். அந்த டெக்னீஷியன் அம்மா என்னைப் பார்த்ததும், "தொலைச்சுட்டீங்களாய்யா?" என்று பதறினாள். இல்லையென்று எடுத்துக் காட்டினேன். பிறகு, யாரோ எவரோ என்பது போலக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு பொண்ணு அவ அம்மாவோடதை அவளே டெஸ்ட் பண்ணிப் பார்த்தா என்ன?"

அவள் என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரென்று கேட்கவில்லை, நல்ல மனசு.

"நான் பார்த்திருக்கேன்யா. எங்க அண்ணனோடது. அன்னைக்கு வேற ஆள் லீவு. பழுப்புக் கலர் ஏறணும், ஏறினா மருந்து இருக்கு. ஏறல. நான்தான் தப்பாப் பண்ணிட்டேன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். துண்டு தீர்ற வரைக்கும் போட்டேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்ல முடியாம இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போய் அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே, அதுக்கு பஸ் ஏறவே முடியல."

அந்த ஸ்டூலில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துவிட்டேன்.

உன் ஆராய்ச்சிக்கு இந்த ஆஸ்பத்திரியும்தான் அனுப்புகிறதாம். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பிளாக்கை எடுத்துக்கொள்வார்களாம். எண் மட்டும் போகும், பெயர் இங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கும் முடிவைச் சொல்லமாட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் வாலு.

எண்ணை ஒட்டப்போகும்போது, "பார்க்கிறீங்களாய்யா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தீப்பிடித்தால் சிவப்பு சிலிண்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இனி எங்கே தீப்பிடித்தாலும் என்னைக் கூப்பிடலாம்.

ஏன் இப்படிப் பண்ணினேன்? ஆள் இல்லாத அறையில், லீவு நாளில், நீ மட்டும் அந்தப் பதிலோடு உட்கார்ந்திருப்பாய். நான் அந்த நேரத்தில் இங்கே யாருடைய பிரிட்ஜ் கதவுக்கோ ரப்பர் கேஸ்கெட் மாட்டிக்கொண்டிருப்பேன். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. உன் வேலை போவது இரண்டாம் பட்சம். போனால் என் கடைக்கு வா, எனக்கும் ஒரு கை ஆள் வேண்டும். எனக்கும் பயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். போனில் சொன்னவள் நீ. கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்.

உன் அம்மா உன்னிடம்தான் வருகிறாள். எந்தப் பெட்டியில், எந்த நாளில் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஒரு கணக்கில் வருவாள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி மூன்றாவது தடவையோடு போதும் என்று சொல்லும்போது, சரியென்றோ இல்லையென்றோ சொல்ல அவர்கள் கையில் ஏதாவது இருக்கும். நம் கையில் அன்றைக்கு ஒன்றும் இல்லையே.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் எழுது. நீளமாகவே எழுது.

உன் அப்பா


ஜூலை 19

அன்பு வாலுக்கு,

போன மாதம் எழுதியதும் கிடைத்திருக்கும். தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் என் கடையைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

போன் பண்ணினேன். "மீட்டிங்ல இருக்கேம்பா" என்றாய். உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் நடக்கும் போலிருக்கிறது. கஷ்டமான வேலைதான்.

நான் நன்றாக இருக்கிறேன். ரேடியோ பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. டெய்லர் ஒரு பூச்சாடி கொண்டுவந்து வைத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டான். சமாதானப்படுத்த, சரியாக இருந்த சட்டை ஒன்றை அவனிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னேன். இப்போது சரியாக இல்லை.

நம் வீட்டு பிரிட்ஜ் ஒருநாள் தானாகவே சத்தத்தை நிறுத்திவிட்டது. ரிப்பேர்காரன் கை வைக்காமலே சரியாகிற பிரிட்ஜை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தேன். பிறகு பின்பக்கம் போய் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு வந்தேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


செப்டம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. பிரித்து, படித்து, பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுதியிருந்தால் நீங்கள் தாங்கியிருக்கமாட்டீர்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்கவும் பார்த்தேன், மறைக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்கு வேறு ஒரு சாக்கு வைத்து போன் செய்தேன். எடுத்தது ஒரு அம்மா. நான் பாதி கேட்பதற்குள், "அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார். அப்புறம், "ஏஸி ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாரே, அவரோட மகளா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். ஏஸியைச் சரி பண்ணினீர்களா? அதை எழுதவே இல்லையே.

ஆகஸ்டில் பெட்டிகள் வந்தன. பிளாக்கைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை ஒரு நாளைக்கு ஒரு தட்டு நிறையப் பார்க்கிறேன். பழுப்பு ஏறியிருக்கிறதா, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். முன்னெல்லாம் வேகமாகப் பார்த்துத் தள்ளிவிடுவேன். ஒருநாள் ஒரு ஸ்லைடில் ஓரமாகக் கொஞ்சம் நல்ல சதை இருந்தது. இதுதான் அம்மா என்று அதன் எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்ததை வைத்தேன், அதிலும் ஓரத்தில் இருந்தது. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும் இருக்கிறது அப்பா. இத்தனை வருஷம் நான் நடுவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பழுப்பு ஏறாத ஸ்லைடு வந்தால் உடனே தள்ளிவைக்க முடிவதில்லை. இவருக்கும் யாரோ ஆறையும் முடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மார்க்கரைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன். வேறொன்று கேட்கிறேன். மருந்து ஏறும்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாள்? என் மனசு கஷ்டப்படும் என்று நல்லபடியாக மாற்றி எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் மகள்


அக்டோபர் 8

அன்பு வாலுக்கு,

தபால்காரர் தானே கடைக்குள் வந்து கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏஸி விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பில்டரைக் கழுவினேன், அவ்வளவுதான். உன் அம்மா இருந்த அறை, காற்று நன்றாக இருக்கட்டுமே என்று தோன்றியது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மாற்றி எழுதவில்லை, நம்பு.

முதல் மூன்று தடவையும் நீ பெருமைப்பட்டுக்கொள்கிற மாதிரிதான். ஊசி குத்த வருகிற நர்ஸிடமெல்லாம், "என் பொண்ணும் இதே வேலைதான் பார்க்குறா, உங்களுக்கெல்லாம் பெரிய ஆளு" என்பாள். அந்தப் பிள்ளைகளும், "அப்படியா அம்மா" என்று கேட்டுக்கொள்ளும். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லேப் என்பதற்குமேல் எங்களுக்கு என்ன தெரியும்?

நாலாவது தடவை நீ போனில் சொன்னதற்குப் பிறகு வந்தது. அன்றைக்கு ரொம்பப் படுத்திவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கென்ன, போன்ல சொல்லிட்டா. உக்காந்திருக்கறது நான்தானே." வீடு வரைக்கும் நெற்றியைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அதுவும் அவள்தான், அதுவும் உனக்குச் சேர வேண்டியதுதான்.

அஞ்சாவதுக்கு முந்தின வாரம் பூரா யோசித்தேன். போக வேண்டிய அன்று காலையில் அவளிடம் சொன்னேன்: "வேணாம்னா விட்டுடலாம். ஆஸ்பத்திரிலயும் சொல்லிக்கறேன், பொண்ணுகிட்டயும் நான் சொல்லிக்கறேன். அவ கத்தினா என்னைக் கத்தட்டும்." நிஜமாகவே சொன்னேன். போகாமல் இருக்க எனக்கும் அவ்வளவு ஆசை. கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். படுக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், புடவை மாற்றி, தலைக்குத் துணி கட்டி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். நான் பனியனோடு நிற்பதைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள் பார், எங்கள் கல்யாணப் போட்டோவில் முறைத்த மாதிரியே.

உனக்காகக் கிளம்பினாளா, தனக்காகவா, பயந்துகொண்டா, நான் சொல்லித்தான் நின்றது என்ற பழி என்மேல் வரக்கூடாது என்றா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கே கேட்டிருக்கலாம். சட்டையைத் தேடுகிற அவசரத்தில் கேட்கவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பூட்டிட்டு வாங்க. பஸ் போயிடும்."

உன் அப்பா